பனியன் போட்ட கார்

போன வாரம் ஒரு வேலையாகப் பழைய ஷோரூமுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்தாறு பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். எந்தக் கார் முதன்முதலாக மேடையேறியபோது ஊரே வாயைப் பிளந்தது, எந்தக் காருக்கு மேடையேறிய அன்றைக்கே மானம் போனது என்பதுதான் வழக்கு. ஆளுக்கொரு செல்போனை நீட்டி ஜெனீவா என்றீர்கள், டோக்கியோ என்றீர்கள். ஒரு தம்பி, எங்கோ ஒரு மேடையில் கதவு திறக்காமல் நின்றுபோன காரைக் காட்டி, இதைவிட மோசமான அறிமுக விழா சரித்திரத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

சரித்திரம் அப்போது அவருக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது நான்தான்.

உலகத்திலேயே மிக மோசமான கார் அறிமுகம் திருப்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள், நல்ல நேரம் பார்த்து நடந்தது. உங்கள் சண்டைக்கு நியாயமான தீர்ப்பு வேண்டும் என்பதற்காகவும், என் கதையை வேறு யாராவது இன்னும் கேவலமாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, கார் விற்பது என்றால் மன்னிப்புக் கேட்பது. பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்கள் வந்து கேட்கும்போது, “அடுத்த மாசம் வந்துருமுங்க” என்று சொல்ல முகத்தில் கொஞ்சம் சோகம் வேண்டும். அந்தச் சோகம் எனக்குப் பிறவியிலேயே அமைந்திருந்ததால் வேலை கிடைத்தது. கார் ஓட்டத் தெரியுமா என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதை இல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. புதுப்புதுக் கம்பெனிகள் வந்தன, புதுப்புது வண்டிகள் வந்தன. நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளர் உட்கார்ந்தார், உட்கார்ந்திருந்த நாங்கள் எழுந்து நின்றோம். மன்னிப்புக் கேட்டே பழகிய வாயால் பெருமை பேச வேண்டியதாயிற்று. அதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்தது கம்பெனி அல்ல. ஷோரூமுக்கு எதிரே இருந்த பேக்கரி.

அங்கே தினமும் சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஒருவர் ராசு மாஸ்டர்; பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இன்னொருவன் சென்னியப்பன், நான்கே தொட்டிகளுடன் புதிதாக ஒரு சாயப்பட்டறை போட்டிருந்தான். மூன்றாவது நான். மூன்று பேருக்கும் காரென்றால் பைத்தியம். மூன்று பேரிடமும் கார் கிடையாது. ராசு மாஸ்டரிடம் சைக்கிள், என்னிடம் மொபெட், சென்னியப்பனிடம் ஒரு ஸ்கூட்டர். அது வாங்கியபோது சாம்பல் நிறம். அவன் கை பட்டுப் பட்டு என்ன நிறமென்று சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தது. கார் வைத்திருப்பவனுக்கு அவன் காரைப் பற்றி மட்டும்தான் தெரியும். கார் இல்லாதவனுக்குத்தான் எல்லாக் காரையும் பற்றி அபிப்பிராயம் இருக்கும்.

நீங்கள் போட்ட அதே சண்டையைத்தான் நாங்களும் போட்டோம். எங்களிடம் செல்போன் இல்லை, சென்னியப்பன் இருந்தான். சாய மெஷின் பார்க்க டெல்லிக்குப் போனவன், மெஷினைப் பார்க்காமல் ஒரு கார் கண்காட்சிக்குள் நுழைந்து மூன்று நாள் வெளியே வராமல், ஒரு பை நிறையக் காகிதங்களோடு ஊர் திரும்பியிருந்தான். அங்கே ஒரு வெள்ளைக் கார், அதன்மேல் சிவப்புத் துணி. துணியின் நுனியை ஒருவர் லேசாக இழுத்ததும் எண்ணெய் வழிகிற மாதிரி அது வழிந்து இறங்கியதாம். கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்ததாம். உலகத்திலேயே சிறந்த அறிமுகம் அதுதான் என்பது அவன் கட்சி. அந்தக் காரின் இன்ஜினைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்பான். அந்தச் சிவப்பைப் பற்றிக் கேட்டால் டீ ஆறுகிற வரைக்கும் பேசுவான்.

ராசு மாஸ்டருக்கு மோசமான அறிமுகங்கள்தான் பிடிக்கும். நம் ஊர் மைதானத்தில் ஒரு பொருட்காட்சியில், தார்ப்பாய் போர்த்திய காரின் ஏரியல் கம்பி பாயைக் குத்திக்கொண்டு மேலே வந்து, கூடாரத்தில் கொடி நட்ட மாதிரி நின்றதை வருஷம் முழுக்கச் சொல்லுவார். இன்னொரு விழாவில் தலைமை விருந்தினரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகளுக்கான பூட்டு விழுந்துவிட்டது. அதை எப்படி எடுப்பதென்று விற்பனையாளருக்குத் தெரியவில்லை. விருந்தினர் ஜன்னல் வழியாகவே சொற்பொழிவை முடித்தார். அந்த விற்பனையாளர் யார் என்று ராசு மாஸ்டர் சொல்ல மாட்டார். என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கடைசியில் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். அறிமுக விழாவில் காரெல்லாம் ஒரு விஷயமே இல்லை. துணிதான் விஷயம். துணி ஒழுங்காக விழுந்தால் கார் ஜெயிக்கும். பனியன் ஊரில் உட்கார்ந்து பேசினால் வேறு என்ன முடிவு வரும்?

இந்த ஞானத்தோடு நான் இருந்த நேரத்தில்தான் எங்கள் ஷோரூமுக்கு ஒரு புது வண்டி வந்தது. மெட்ராஸிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் அதைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம்; காட்டுவதற்கென்று இருந்தது அந்த ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் காட்டிவிட்டு, திங்கட்கிழமை கோயமுத்தூரில் காட்ட வேண்டும். விழாவை நடத்தும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். துணி என்ன போடலாம் என்று அவர் கேட்டதும், எனக்குள் இருந்த பேக்கரி எழுந்து நின்றது.

“பனியன் துணியிலயே தெச்சுப் போட்டறலாமுங்க. சிவப்பு.”

நம் ஊர்த் துணி, நம் ஊர்க் காருக்கு என்று நான் பேசிய பேச்சில் மேனேஜருக்குக் கண் கலங்கியது. அவருக்குத் தூசி ஒவ்வாது, அதனால்கூட இருக்கலாம்.

தலைமை விருந்தினராகக் காங்கயம் ரோட்டு முதலாளி ஒருவரை அழைத்திருந்தோம். பெரிய ஏற்றுமதியாளர். இருபது வருஷத்துக்கு முன்பு பின்னல் மெஷின் ஓட்டுகிற ஆளாகத் தொழிலுக்கு வந்தவர். புது வண்டியில் முதல் வண்டியைப் பதிவு செய்திருந்தவரும் அவர்தான். அவரைப் பற்றி ஊருக்கே தெரிந்த இன்னொரு செய்தியும் இருந்தது. வெளிநாட்டுக்கு அவர் அனுப்பிய சிவப்புச் சட்டைகள் சாயம் போகிறதென்று திரும்பி வந்திருந்தன. பழைய சாயக்காரரை விட்டுவிட்டுப் புது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் இரண்டு மாதமாக அவர் ஆபீஸுக்குப் போய்ப் போய், வாசல் காவலாளிக்கு மட்டும் நெருங்கிய நண்பனாகியிருந்தான். அந்த வேலை கிடைத்தால் நான்கு தொட்டிகளும் ஓடும். கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு மாமனார் ஊர் வெள்ளகோவிலுக்கு மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் டீயைக் குடிக்க மறந்துவிட்டுச் சொன்னான்.

நான் அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். “அவரே அவரு கையால உன்ற துணியப் புடிச்சு இழுக்கப் போறாரு மாப்ள. துணி உழுந்ததும் நான் மைக்குல உன்ற பேரச் சொல்றேன். அப்பறம் காவலாளி தேவையில்ல.”

அவன் கண்ணில் அப்போது வந்த வெளிச்சத்தை நினைத்தால், இதற்குமேல் எழுத வேண்டாம் என்றுகூடத் தோன்றுகிறது. எழுதுகிறேன்.

வியாழக்கிழமை துணியைப் பின்னி வாங்கினோம்; பின்னல்காரரே அதைச் சென்னியப்பன் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார். ராசு மாஸ்டர் இன்ச் டேப்போடு வந்து காருக்கு அளவெடுத்தார். மார்பு, தோள், உயரம் என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டுக்கும் கை வைத்துவிடுகிறேன் என்றார். கழுத்து வேண்டுமா என்று கேட்டேன். அவர் டேப்பை இழுத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் போய்விட்டார். தொழிலில் இருக்கும்போது அவர் விளையாட மாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் பட்டறைக்குப் போனேன். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. மிளகாய்ப் பழம் வெட்கப்படும். தைப்பதற்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவன் மறித்தான்.

“இன்னொருக்கா சுடுதண்ணி சோப்புல அலசறது பாக்கி இருக்குது மாப்ள. அப்பறம் சாயம் புடிச்சு நிக்க மருந்து போடோணும். நாளைக்கு மத்தியானம் வா.”

“நாளைக்குப் பத்தரைக்கு விழா. மத்தியானத்துக்கு மேல காருக்குப் போட்டு என்ன, தூங்க வெக்கறதா?”

“வேலை முடியலடா.”

“காருக்கு வேர்க்கவா போகுது? இல்ல தொவச்சு மடிச்சு வெக்கப் போறமா? ஒரு மணி நேரம் மேல கெடக்கோணும், கீழ உழுகோணும். அதுக்கு எதுக்கு மருந்து?”

அவன் மறுபடியும் வேண்டாம் என்றான். நான் துணியைக் காயவைத்து, மடித்து, மொபெட்டில் கட்டிவிட்டேன். அவன் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விட்டுவிட்டான். முதலாளி, மைக், மூன்றாவது வரிசையில் அவனுக்கென்று ஒதுக்கியிருந்த நாற்காலி எல்லாம் அவன் தலைக்குள்ளும் ஓடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை மண்டபத்துக்குள் ஏற்றி நிறுத்தினோம். கம்பெனி அதிகாரி விரலால் கூரையைத் தடவிப் பார்த்துத் தூசி என்றார். இந்த ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும், அது தூசி இல்லை என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. மறுபடியும் கழுவச் சொன்னார். கழுவி முடித்தபோது வாசலில் முதல் விருந்தினரின் செருப்புச் சத்தம் கேட்டது. துடைக்க நேரமில்லை. சொட்டச் சொட்ட நின்ற காருக்கு நானும் ராசு மாஸ்டரும் பனியனை மாட்டினோம். கச்சிதமாகப் பொருந்தியது. கைகள் இரண்டும் கண்ணாடிகள்மேல் ஏறி உட்கார்ந்தபோது, மாஸ்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

காருக்கு வேர்க்காது என்று சொன்னவன், காருக்கு வேர்க்க வைத்துத்தான் பனியன் போட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மண்டபம் நிரம்பியது. வந்தவர்கள் அத்தனை பேரும் பனியன் தொழிலில் இருந்தவர்கள்: நூல் விற்கிறவர், பின்னுகிறவர், வெளுக்கிறவர், தைக்கிறவர். மூன்றாவது வரிசையில் சென்னியப்பனும் அவன் மனைவியும். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சாயப்பட்டறைக்காரன் வெள்ளைச் சட்டை போடுகிறான் என்றால் அவனுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான் மைக்கைப் பிடித்து, சொல்ல வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். முதலாளியும் அவர் மனைவியும் மேடையேறித் துணியின் நுனியைப் பிடித்தார்கள். நாதஸ்வரக்காரரைப் பார்த்து நான் தலையசைத்தேன். கெட்டிமேளம் எழுந்தது. இருவரும் இழுத்தார்கள்.

துணி வழியவில்லை. நகரவே இல்லை.

ஈரப் பனியனைக் கழற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலாளி பலமாக இழுத்தார்; துணி நீண்டு நீண்டு வந்ததே தவிர, காரை விடவில்லை. கண்ணாடிகளில் இருந்த இரண்டு கைகளும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. மேனேஜர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாஸ்டர் பின்னால் என்று சேர்ந்துகொண்டோம். மேளக்காரர்கள் விடாமல் கெட்டிமேளம் வாசித்தார்கள். எந்தத் தாலி கட்டுக்கும் அவ்வளவு நேரம் அவர்கள் வாசித்திருக்க மாட்டார்கள். ஒருவர் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். கடைசியில் ‘தொப்’பென்று கழன்று துணியும் முதலாளியும் இரண்டடி பின்னால் போனார்கள்.

கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. டெல்லியில் நடந்த அதே மாதிரி.

வெள்ளைக் கார் ரோஸ் நிறத்தில் நின்றது. முழுவதும் ரோஸாக இருந்திருந்தாலாவது ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பேன். கூரையில் திட்டுத் திட்டாக, கதவில் கோடு கோடாக, தண்ணீர் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் சிவந்து, நம்பர் பலகை வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி அதிகாரி ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

வேறு ஊராக இருந்தால் கூட்டம் சிரித்திருக்கும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், துணியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தார்கள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டிக்கொண்டார்கள். எல்லார் கையும் சிவப்பு. எந்தப் பட்டறை என்ற கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அது மூன்றாவது வரிசையைத் தொட்டபோது சென்னியப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஏங்கண்ணு, இது எந்த ஊருத் துணி?”

இந்த இடத்தில்தான் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அவசரத்தில் மூளை முதலில் நீட்டுவது மூளையில் மேலாகக் கிடப்பதைத்தான். என் மூளையில் மேலாகக் கிடந்தது எப்போதுமே பொய்தான். அதுதான் என் தொழில்.

“மெட்ராஸ்ல இருந்து வந்துச்சுங்க.”

நாற்காலியில் இருந்த மெட்ராஸ்காரர் தலையை நிமிர்த்தினார். முதலாளி துணியைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

“நம்ம நூலு, நம்ம ஊருப் பின்னலு. மெட்ராஸ் எங்க கண்ணு வந்துச்சு? இந்தா, ஒரு கோடு ஓடுது பாரு. மிசின்ல ஒரு ஊசி வளைஞ்சிருக்குது.”

அதோடு விட்டிருந்தால் நான் இன்னொரு பொய் தேடியிருப்பேன். ஆனால் நான்காவது வரிசையிலிருந்து ஒரு பின்னல்காரர் எழுந்தார். நேர்மையான மனிதர், இந்த மாதிரி நேரத்தில் நேர்மையானவர்களைப் போல ஆபத்தானவர்கள் கிடையாது.

“அது எங்க மிசின்லீங்க ஓடுனது. வியாழக்கிழமை. அன்னைக்கே அந்த ஊசிய மாத்திட்டனுங்க.”

என் பொய் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. கார் வாங்க வருகிறவரிடம் காரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். இதை மேனேஜரும் படிப்பார். ஆனால் ஒருவர் இருபது வருஷம் கையில் பிடித்துப் பிழைத்த பொருளைப் பற்றி அவரிடமே பொய் சொல்லாதீர்கள். அவர் காதால் கேட்க மாட்டார், கையால் கேட்பார்.

முதலாளி பின்னல்காரர் பக்கம் திரும்பினார். யாருக்கு ஓட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்கப் போகிறார். அந்த நல்லவர் பதில் சொல்ல வாயைத் திறந்துகொண்டு தயாராக நிற்கிறார். அவர் வாயிலிருந்து சென்னியப்பன் பெயர் வந்தால், சாயம் போகிற துணி கொடுத்தவன் என்ற பெயர் அந்த மண்டபத்திலேயே அவனுக்கு முடிவாகிவிடும். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அவனுடைய இன்றைய வாடிக்கையாளர்கள், அல்லது நாளைய வாடிக்கையாளர்கள். மைக் என் கையிலேயே இருந்தது. அதில் நான் முன்யோசனையோடு பேசினேன் என்று சொல்ல ஆசைதான். பயத்தில் பேசினேன்.

“துணிய வாங்குனது நானுங்க. சாயம் போட்டவரு வேலை முடியல, குடுக்க மாட்டேன்னாருங்க. நான்தான் அடிச்சுப் புடிச்சு எடுத்துட்டு வந்தேன். காரையும் தொடைக்காம ஈரத்தோட நான்தான் மூடுனேன். மெட்ராஸ்னு சொன்னது பொய்யிங்க.”

மண்டபத்தின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்திருந்தேன். நான்கும் நன்றாக வேலை செய்தன.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது தெரிந்தது. முதலாளி மட்டும் அதே குரலில் கேட்டார், சாயம் போட்டவர் யார் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த சொற்பத் தருணங்களில் அது ஒன்று.

மூன்றாவது வரிசையில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

“நானுங்க.”

சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். மனைவி அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

“இவன் சொன்னது நெசந்தானுங்க. வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா பட்டறை வாசல் என்னோடதுங்க. முடியாத துணி அந்த வாசலத் தாண்டுனா, அது என்ற தப்புங்க. இவன்மேல போட்டுட்டு நான் உக்காந்திருக்கறது நல்லா இல்லீங்க.”

முதலாளி துணியைக் கீழே போட்டுவிட்டு, சிவந்த கையை வேட்டியில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்ன வேலை பாக்கி இருந்துச்சு?”

“ஒரு சோப்புங்க. அப்பறம் மருந்துங்க.”

“எத்தன நேரம்?”

“ஒரு நாளுங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஒரு நாளு பொறுக்க முடியலயா கண்ணு?”

“பொறுத்திருக்கலாமுங்க.”

அவர் மனைவி காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். அத்தனை கூட்டத்தில் காரைப் பார்த்த ஒரே ஆள் அந்த அம்மாதான். “விடுங்க. ஆரத்தித் தண்ணிய வாசல்ல ஊத்தறதுக்குப் பதிலா தலையிலயே ஊத்திப்போட்டாங்கன்னு நெனச்சுக்கலாம்,” என்றார். அப்போதுதான் மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை முதலாளி காத்திருந்தார். பிறகு சென்னியப்பனிடம் சொன்னார்:

“புதங்கெழமை நம்ம சிவப்பு உங்க பட்டறைக்கு வரும். அவசரம்னு யாரு வந்து நின்னாலும் முடியாம வெளிய உடாதீங்க. நானே வந்து நின்னாலும் உடாதீங்க.”

சென்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் மனைவிதான், “சரிங்க” என்றாள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி பதிவை ரத்து செய்யவில்லை. வேறொரு வெள்ளை வண்டி வந்ததும் எடுத்துக்கொண்டார். அதனால் என் வேலை போகவில்லை. உதிரிபாகக் கவுண்டருக்குப் போனது. ஆறு மாதம் ஃபேன் பெல்ட்டும் பிரேக் வயரும் எடுத்துக் கொடுத்தேன். அங்கே ஒரு நன்மை, பெருமை பேச வேண்டியதில்லை. இருக்கிறது, அல்லது இல்லை, அவ்வளவுதான் வசனம். விற்பனையாளர்கள் எல்லோரையும் வருஷத்தில் ஒரு மாதம் அங்கே உட்கார வைக்கலாம் என்பது என் யோசனை. மேனேஜர்கள் யாரும் இதுவரை ஏற்கவில்லை.

ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. மறுநாள் காலை அந்தக் கார் கோயமுத்தூரில் வெள்ளையாக நிற்க வேண்டும். விருந்தினர்கள் போண்டாவும் காபியும் சாப்பிட்டுக் கிளம்பியதும், காரை மண்டபத்தின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். கூரையும் கதவும் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் திரும்பி வந்தன. இடுக்குகள்தான் விடவில்லை. நான் ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாங்கிவந்து, கதவு இடுக்கில் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். ராசு மாஸ்டர் அருகில் நின்று, கண்ணாடிக்குக் கை வைத்தது தப்பு, கை நுழைகிற ஆர்ம்ஹோலை அகலமாக வெட்டியிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததில் அவர் கண்ட ஒரே குறை அதுதான்.

மனைவியை வீட்டில் விட்டுவிட்டு சென்னியப்பன் திரும்பி வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேப்பமரக் கிளையில் மாட்டினான். ஒரு வாளியில் எதையோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தினான். பழந்துணியை நனைத்து இடுக்கில் விட்டு விட்டு எடுத்தான். நான் அரை மணி நேரம் சுரண்டியும் போகாத சிவப்பு, அவன் கைக்குக் கரைந்து வந்தது.

காரைப் பார்த்தபடியே சொன்னான்:

“நீ மெட்ராஸ்னு சொன்னியே மாப்ள. அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“பக்கத்துல அவளும் பெருமூச்சு உட்டா. ரெண்டு பேருக்குமே அப்பாடான்னு இருந்துச்சு. அது எனக்குப் புடிக்கல. அதான் எந்திரிச்சுட்டேன்.”

பிரஷ்ஷை வாளியில் நனைத்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தேன்.